தொடை வலி போனது பெப்டைடாலா?

போன வருடம் ஜிம்மில் ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற பயிற்சி) எடையை ஒரேயடியாக ஏற்றிவிட்டு, இரண்டாம் நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஏறும்போதுகூடச் சமாளித்துவிட்டேன், இறங்கும்போதுதான் தொடையின் முன்பக்கத்தில் உயிர் போனது. அதைப் பார்த்த டிரெய்னர், "வே புரோட்டீனை விடுங்க, கொலாஜன் பெப்டைடு எடுங்க, ரெக்கவரி சீக்கிரம் ஆகும்" என்றார். வே என்பது பாலிலிருந்து எடுக்கிற புரதம்; கொலாஜன் பெப்டைடு என்பது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுத்த கொலாஜன் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்த பவுடர். நம்பி மாறினேன். மூன்றாவது வாரத்தில் வலி சுத்தமாக இல்லை. பவுடர்தான் காரணம் என்று நண்பர்கள் எல்லோரிடமும் சொன்னேன்.

அப்புறம் வேலை நெருக்கடியில் இரண்டு மாதம் பயிற்சி விட்டுப்போனது. பவுடரை மட்டும் ஒருநாள் தவறாமல் குடித்தேன். திரும்பப் போய் அதே எடையைத் தூக்கினேன். மறுநாளே அதே படி, அதே கைப்பிடி, அதே வலி.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். பழக்கமில்லாத வேலையைத் தசைக்குக் கொடுக்கும்போது, அதிலும் எடையை இறக்குகிற கட்டத்தில் தசை நீண்டுகொண்டே தாங்கும்போது, நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதனால் வருகிற வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே அடங்கும். (லாக்டிக் ஆசிட் தேங்கியதால் வருகிற வலி என்று இன்னமும் சொல்கிறார்கள், அந்த ஆசிட் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து பெருமளவு போய்விடும்.) அதே பயிற்சியை அடுத்தடுத்துச் செய்யும்போது உடம்பு பழகிக்கொள்கிறது, வலி குறைகிறது. எந்தப் பவுடரும் இல்லாமலே குறையும். மூன்றாவது வாரத்தில் எனக்கு நடந்தது இதுதான், பெயரைப் பவுடர் தட்டிக்கொண்டு போனது.

டப்பாவின் பின்பக்கத்தை அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். புரதத்தைக் கட்டும் சிறு அலகுகளான அமினோ அமிலங்களின் பட்டியலில் முதலிடம் கிளைசினுக்கு, எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அடுத்து புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின். உடம்பால் தானே தயாரிக்க முடியாத டிரிப்டோஃபான் என்ற வரியில் பூஜ்ஜியம். தசையில் புதுப் புரதத்தைக் கட்டும் வேலையைத் தூண்டிவிடுகிற லியூசின் 100 கிராமுக்கு 3 கிராம்கூட இல்லை, வேயில் அது 10 கிராமை ஒட்டி இருக்கும். நான் வேயை நிறுத்திவிட்டு இதைக் குடித்திருக்கிறேன்!

அதற்காகப் பெப்டைடு வெறும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், அது நியாயமில்லை. இரண்டு மூன்று அமினோ அமிலம் சேர்ந்த சிறு துண்டுகளைச் சிறுகுடல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், கொலாஜனுக்கே உரிய துண்டுகளை ரத்தத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2017-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், கொலாஜனிலிருந்து கிடைக்கிற ஜெலட்டினை 15 கிராம் வைட்டமின் சி-யுடன் குடித்து ஒரு மணி நேரம் கழித்து 6 நிமிடம் ஸ்கிப்பிங் செய்தவர்களுக்கு, உடம்பில் கொலாஜன் உருவாவதைக் காட்டும் அளவு இரட்டிப்பானது. ஆனால் கலந்துகொண்டவர்கள் வெறும் 8 பேர். 2019-இல் 24 ஆண்களை வைத்து, தினமும் 20 கிராம் கொலாஜன் பெப்டைடு கொடுத்துப் பார்த்த இன்னொன்றில், 150 முறை மேலிருந்து குதித்த பிறகு துள்ளும் திறன் 48 மணி நேரத்தில் சற்று வேகமாகத் திரும்பியது, தசை வலிமையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆக, தசைநாண், மூட்டு சார்ந்து இதற்கு ஏதோ ஒரு இடம் இருக்கலாம். புரதத்துக்கு மாற்றாக வைப்பதுதான் தப்பு.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். பெப்டைடு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, குடிக்கிற பவுடரையும் ஊசியாகப் போடுகிற BPC-157 என்ற செயற்கைப் பெப்டைடு போன்றவற்றையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறார்கள். மனிதர்களுக்கான மருந்தாக அங்கீகாரம் பெறாத பொருள் அந்த BPC-157, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா 2022-இலிருந்து தடை செய்திருக்கிறது. போன வாரம் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், "அண்ணா, பவுடரை விட ஊசி சீக்கிரம் வேலை செய்யுமாமே?" என்று என்னிடம் கேட்டான். பகீரென்றது.

அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம், அவன் 60 கிலோ, அதனால் நாளுக்கு 96 கிராம். என்ன சாப்பிடுகிறான் என்று எழுதிக் கூட்டினோம், பாதிகூட வரவில்லை. தூக்கம் ஐந்து மணி நேரம். எடையை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லி அனுப்பினேன். நேற்று வந்தான், ஊசிப் பேச்சை எடுக்கவில்லை. எட்டு மணி நேரம் தூங்கினேன் அண்ணா என்றான்.