கத்தலைன்னா வலிக்கலைன்னு அர்த்தம் இல்ல

திங்கட்கிழமை நம் தாமான் (குடியிருப்பு) புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப்பில், நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. "காலு நொண்டுது, ஆனா கத்தல, சோறு திங்குது, சின்ன வலிதான்" என்று ஒருவர் தன் செவலைப் பூனையைப் பற்றி எழுதினார். "அரை பனடோல் குடுங்க, சரியாயிடும்" என்று இன்னொருவர் சொன்னார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அவரும் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் "மூஞ்சி வீங்கியிருக்கு, குளவி கொட்டிருச்சு போல" என்று படம் வந்தது. மதியத்துக்குள் அந்தச் செவலைப் பூனை செத்துப்போய்விட்டது. "விதி" என்று எழுதிவிட்டு எல்லாரும் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். என்னால் போக முடியவில்லை.

அந்த வீக்கம் குளவி கொட்டியதால் வந்ததல்ல. பனடோலில் இருக்கும் பாராசிட்டமோல் பூனையின் உடலில் செய்யும் வேலையே அதுதான். இந்த மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி நம் ஈரலில் போதுமான அளவு உண்டு, பூனையின் ஈரலில் இல்லை. முறியாமல் தங்கியது நஞ்சாகி, ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ரத்தம் காப்பி நிறமாகி, உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், மூச்சு வாங்கும், முகமும் பாதங்களும் வீங்கும். அளவையும் பாருங்கள். 60 கிலோ ஆள் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போட்டால் கிலோவுக்குச் சுமார் 17 மில்லிகிராம். 4 கிலோ பூனைக்கு அரை மாத்திரை என்றால் கிலோவுக்கு 60-ஐத் தாண்டுகிறது. தெரியாமல் கொடுத்துவிட்டால் வீங்கும்வரை காத்திருக்காதீர்கள். மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே கிளினிக் ஓடுங்கள். அசிட்டில்சிஸ்டைன் என்ற முறிமருந்து இருக்கிறது. முந்தினால்தான் அது காப்பாற்றும்.

கொடுத்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பாசத்தில் கொடுத்தார். "கத்தல, அதனால பெருசா ஒன்னுமில்ல" என்ற அந்த ஒரு வரிதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கத்தாது. பூனை வலியை ஒளிக்கும். வேட்டையாடும் பிராணிதான், ஆனால் தன்னைவிடப் பெரியதற்கு அதுவும் இரை. முனகினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். சோறு திங்குவதும் சாட்சியாகாது. பல் அழுகிய பூனைகூடத் தின்னும். தலையை ஒரு பக்கம் சாய்த்து, மெல்லாமல் விழுங்கும், வாயிலிருந்து தீனி கீழே விழும். குர்ர்ரென்று இதமாகச் சத்தம் போட்டுக்கொண்டு மடியில் படுத்திருப்பதும் சாட்சியாகாது, நோவிலும் பூனை அப்படிச் சத்தம் போடும்.

முகத்தைப் பாருங்கள். மொன்ட்ரியல் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் 2019-இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது பக்கவாட்டில் திரும்பி விரிந்திருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் உள்ள பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்து முன்னால் நீட்டியிருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று ஐந்து பார்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். 10-க்கு 4 வந்தாலே வலி மருந்து தேவை. பூனை தூங்கும்போதும் தின்னும்போதும் நக்கும்போதும் பார்க்கக் கூடாது. அரை நிமிடம் போதும். திங்கட்கிழமை வந்த முதல் படத்திலேயே காதும் கண்ணும் சொல்லிக்கொண்டுதான் இருந்தன.

நாய்க்கு நடையைப் பாருங்கள். முன்னங்கால் வலித்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது இறக்கும். பின்னங்கால் நோவு நாள்பட்டதென்றால் அந்தத் தொடை இளைத்திருக்கும், தேயாமல் நகம் நீண்டிருக்கும். முன்னங்கையைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தி, வணங்குவதுபோல் நின்றுகொண்டே இருந்தால் அது விளையாட்டாக இருக்காது, வயிற்று வலியாக இருக்கலாம். நடையை இருபுறமிருந்தும் கைப்பேசியில் எடுத்து வையுங்கள். கிளினிக் மேசையில் ஏறியதும் பயத்தில் நொண்டல் மறைந்துவிடும்.

ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியும் ஒன்றும் வரவில்லையென்றால், மலச்சிக்கல் என்று எண்ணெய் ஊற்றாதீர்கள். பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு. அன்றே போகவேண்டும்.

"தோட்டத்து லயத்துல இருந்தப்ப டாக்டரா இருந்தாரு? மஞ்சப்பத்து போட்டே வளர்த்தோம்" என்கிறார்கள். பிழைத்தவற்றைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம், ஐயா. மற்றவற்றை "ஒருநாள் காணாமப் போச்சு" என்றோம். எங்கும் போகவில்லை. செம்பனை மட்டைக் குவியலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன, தனியாக. கோடாலித் தைலம் தேய்க்கலாமே என்பவர்களுக்கும் சொல்கிறேன்: பூனை அதை நக்கியே தீரும். அதிலுள்ள கற்பூரமும் ஆஸ்பிரின் வகை மருந்தும் வயிற்றுக்குள் போகும்.

"காசு?" நியாயமான கேள்வி. கிளினிக் தூரம், செலவு உண்டு. மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வீட்டில் செய்யக்கூடியதற்குக் காசு வேண்டாம். புது அடி என்றால் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை, முதல் இரண்டு நாள். கிழட்டு மூட்டுக்கு வெதுவெதுப்பான ஒத்தடம். வழுக்கும் மொசைக் தரையில் சாக்கு விரியுங்கள். மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்துங்கள். குண்டு நாய்க்கு எடையில் 6 முதல் 8 விழுக்காடு குறைந்தாலே நொண்டல் குறைகிறது.

டாக்டர் மெலோக்சிகாம் என்ற வலி மருந்து கொடுத்தால் தீனியோடு கொடுங்கள். வாந்தி வந்தாலோ, மலம் கறுத்தாலோ, தின்னாமல் கிடந்தாலோ நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு மருந்தோடு சேரக் கூடாது. நாயின் புட்டியைப் பூனைக்குச் சாய்க்காதீர்கள். நாய்க்கான திரவத்தில் 1 மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம், பூனைக்கானதில் 0.5. அதே சொட்டு, மூன்று மடங்கு மருந்து.

"மனுசனுக்கே பார்க்க ஆளில்ல, பூனைக்குப் பேச வந்துட்டீங்க" என்று எழுதியவருக்கு என்ன சொல்வதென்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். கோபம் வரவில்லை, வயிறு எரிகிறது. உண்மைதான், நம்மை யார் பார்த்தார்கள்? தோட்டத்தில் முதுகு ஒடிந்தாலும் பிரட்டுக்கு, அந்தக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்ற ஜனம் நாம். எந்த வலிக்குப் போனாலும் டிரசர் (தோட்டத்து மருந்தாள்) கையில் அதே வெள்ளை மாத்திரை. முனகினால் சோம்பேறி, பேர் வெட்டு, அன்றைய கூலி போச்சு. கத்தாமல் வேலை பார்த்தவனுக்கு வலி இல்லை என்று வெள்ளைக்காரத் துரை எழுதி வைத்தான். அந்தக் கணக்கையே நாம் இன்று ஒரு வாயில்லாப் பிராணிமேல் எழுதுகிறோம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ சொல்கிறது. சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்ட நான் இதை எழுதவில்லை. நம் ஆள் யாரும் கொடுமைக்காரர் இல்லை.

அந்த வீட்டில் இன்னொரு பூனை இருக்கிறது, செவலையின் தாய். நேற்றுப் போட்ட படத்தில் முதுகு முடி சிக்குப் பிடித்து, பொடுகு தெரிகிறது. திரும்பி நக்க முடியவில்லை போல. அதற்கும் வயதாகிவிட்டது, இடுப்போ முதுகோ வலிக்கலாம். தயவுசெய்து ஒன்றும் கொடுக்காதீர்கள். படியில் ஏறுவதை ஒரு முறை காணொளி எடுத்துக் குழுவில் போடுங்கள். சனிக்கிழமை காலையில் கிளினிக் கொண்டுபோக என் காரில் இடம் இருக்கிறது.