வெள்ளிக்கிழமை கொடுக்காத கூலி

சென்ற ஆண்டு தவக்காலத்தில், அதாவது உயிர்ப்பு விழாவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய நோன்புக் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலில் இயேசுவின் பாடுகளை நினைக்கும் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து வீடு திரும்பியபோது, எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்த பெயின்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்த மீதி..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. பாக்கி 1,800 ரூபாய். வேலை முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அவர் கேட்டு வருவது மூன்றாவது தடவை. உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். பணம் வெளியே போக வேண்டாம். நாளைக்கு வரச்சொல்." நானும் அதையே அவரிடம் சொன்னேன். "சரி அண்ணாச்சி" என்று சைக்கிளைத் திருப்பினார். அதன் கைப்பிடியில் எங்கள் முன்னறைச் சுவரின் இளமஞ்சள் நிறம் திட்டாகக் காய்ந்திருந்தது.

அன்று இரவு நாங்கள் கறி சாப்பிடவில்லை. தவக்காலம் முழுவதுமே சாப்பிடுவதில்லை. மிச்சப்பட்ட பணம் என்று நூறு ரூபாய்த் தாள் ஒன்றை மடித்து, பங்கில், அதாவது எங்கள் கோயில் சமூகத்தில், கொடுத்திருந்த தவக்கால உண்டியலில் போட்டேன். போட்ட கையை எடுக்கும்போதுதான் உறைத்தது. இந்த நூறு ரூபாய் யாருடையது? அந்த மனிதருக்குக் கொடுக்க வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுத்து நான் கடவுளுக்குத் தர்மம் செய்கிறேனா?

அன்றிலிருந்து இது என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முடிந்து வரும் வெள்ளிக்கிழமைத் திருப்பலியில் விவிலியத்தின் எசாயா நூல் 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறேன். "நாங்கள் நோன்பிருக்கிறோம், நீர் ஏன் கண்டுகொள்வதில்லை?" என்று மக்கள் கடவுளிடம் முறையிடுகிறார்கள். அதற்குக் கடவுள் என்ன பதில் சொல்கிறார் தெரியுமா? நீங்கள் சரியாகப் பட்டினி கிடக்கவில்லை என்று சொல்லவில்லை. நோன்பு நாளிலேயே உங்கள் வேலையாள்களை ஒடுக்குகிறீர்களே என்கிறார். பசித்தவனுக்கு உணவைப் பகிர்ந்து கொடு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இத்தனை ஆண்டு அந்த வாசகத்தைக் கேட்டும் 'வேலையாள்கள்' என்ற சொல் என் காதில் விழுந்ததே இல்லை. எனக்கு ஏது வேலையாள்கள், நான் என்ன மில் முதலாளியா என்ற எண்ணம். துணி தேய்த்துக் கொடுப்பவர், பாத்திரம் துலக்க வரும் அக்கா, குழாய் ரிப்பேருக்கு வருபவர், பெயின்டர் ஆகிய இவர்கள் எல்லாம் வேறு யார்?

விவிலியத்தின் இன்னொரு நூலான இணைச்சட்டத்தின் 24ஆம் அதிகாரத்தை அன்று இரவு எடுத்துப் படித்தேன். கூலியாளின் கூலியை அன்றைக்கே, கதிரவன் மறையுமுன் கொடுத்துவிடு என்கிறது. காரணத்தையும் சொல்கிறது: அவன் ஏழை, அந்தக் கூலியை நம்பித்தான் இருக்கிறான். நாமோ கதிரவன் மறைந்துவிட்டது, விளக்கு வைத்தாகிவிட்டது, அதனால் கொடுக்கக் கூடாது என்கிறோம். வெள்ளிக்கிழமைப் பணம் போனால் லட்சுமி போய்விடுவாள் என்ற பழைய நம்பிக்கையைப் பெயரைச் சொல்லாமல் நம் வீடுகளிலும் வைத்திருக்கிறோம். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர் அவருடைய அம்மாவிடம் கேட்டு வளர்ந்தது அது. ஆனால் அந்த வழக்கத்தின் விலையைக் கட்டுவது நாம் அல்ல. தினக்கூலிக்காரர் ஒருவர் பாக்கி கேட்டு ஒரு நடை வந்து போனால் அவருக்கு அரை நாள் வேலை கெடும்.

இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்தவருக்கும் மாலையில் வந்தவருக்கும் உரிமையாளர் ஒரே கூலி கொடுக்கும் கதை அது. கடைசியில் வந்தவருக்கும் ஒரு நாள் கூலியான ஒரு தெனாரியமா, இது நியாயமா என்றுதான் எல்லா மறையுரையிலும் பேசுகிறோம். அந்த உவமையில் யாரும் கவனிக்காத ஒரு வரி உண்டு. மாலையானதும் உரிமையாளர் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கூலியைக் கொடுக்கச் சொல்கிறார். ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவரும் அன்று மாலையே காசோடு வீடு போகிறார். யாரையும் நாளைக்கு வரச்சொல்லவில்லை. இயேசுவின் கதையில் முணுமுணுப்பு கூலியின் அளவைப் பற்றித்தான் எழுகிறது. கூலி வருமா வராதா என்ற கவலை யாருக்கும் இல்லை.

விவிலியத்தில் யாக்கோபு தன் திருமுகத்தில் (கடிதத்தில்) எழுதுவது இன்னும் கடுமை. அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். நம் பீரோவில் இருக்கும் அந்தத் தாள்களே கத்துகின்றன. கத்தோலிக்க மறைக்கல்வி நூல், விண்ணை நோக்கிக் கதறும் பாவங்களைச் சொல்லும்போது அண்ணனால் கொல்லப்பட்ட ஆபேலின் இரத்தத்தோடு ஒரே வரிசையில் கூலியாளுக்கு இழைக்கும் அநீதியையும் வைத்திருக்கிறது. கொலையும் கூலிப் பாக்கியும் ஒரே பட்டியலில்! திருத்தந்தை பிரான்சிஸ் 2015 பிப்ரவரியில், இந்த எசாயா வாசகம் வரும் அதே வெள்ளிக்கிழமை மறையுரையில், வேலைக்காரர்களுக்கு முறையாகக் கொடுக்காமல் கோயிலுக்கு நன்கொடை கொடுப்பவர்களைப் பற்றிப் பேசினார். அநீதியை மூடிமறைக்கக் கடவுளைப் பயன்படுத்துவது பெரும் பாவம் என்றார்.

தர்மத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். தொடக்கத் திருச்சபையில் நோன்பு நாளில் சாப்பிடாத உணவின் விலையைக் கணக்கிட்டு, அதைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடுக்கச் சொல்லும் போதனை இரண்டாம் நூற்றாண்டிலேயே இருந்தது. அழகான வழக்கம். நம் தவக்கால உண்டியல் அதன் வாரிசு. ஆனால் கடன் வேறு, கொடை வேறு. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிதண்டுபவர் சக்கேயு இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார். சொத்தில் பாதி ஏழைகளுக்கு என்றார், அது ஒரு கணக்கு. ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்றார், அது இன்னொரு கணக்கு. நாம் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, பாத்திரம் துலக்கும் அக்காவுக்கு மாதம் பிறந்து பத்தாம் தேதி சம்பளம் கொடுக்கும்போதுகூட ஏதோ உபகாரம் செய்வதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறோம். அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வராவிட்டால் அதைப் பிடித்துக்கொள்ளவும் செய்கிறோம். பிறகு உயிர்ப்பு விழாவுக்குப் புதுச்சேலை எடுத்துக் கொடுக்கிறோம். அந்தச் சேலையை விட அந்த இரண்டு நாள் சம்பளம்தான் அவருக்குத் தேவைப்பட்டிருக்கும்.

பங்குகளையும் கேட்கத் தோன்றுகிறது. அதிகாலையில் மணியடித்துக் கோயிலைத் திறக்கும் கோயில் பிள்ளைக்கும், பெருக்கித் துடைக்கும் பெண்களுக்கும் என்ன கொடுக்கிறோம், என்றைக்குக் கொடுக்கிறோம் என்று பங்குப்பேரவையில் தவக்காலத்திலாவது ஒருமுறை பேசலாமே.

அந்தப் பெயின்டரின் கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவர் மனைவியிடம் பணத்தைக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை; வாங்கிக்கொண்டு உடனே பக்கத்து மளிகைக் கடையை நோக்கி நடந்தார். நான் பைக்கைக் கிளப்புவதற்குள் அந்தத் தாள்களில் சில கடைக்காரரின் கைக்குப் போய்விட்டன. பதினொரு நாள் அந்தக் கடைப் பற்று என் வீட்டு பீரோவில் கிடந்திருக்கிறது.

நாளை மீண்டும் வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்குச் சிலுவைப்பாதை. துணி தேய்ப்பவருக்கு இந்த மாதக் கணக்கு இன்னும் தீர்க்கவில்லை. ஐந்தரைக்குள் அவர் வண்டிக்குப் போய்க் கொடுத்துவிட்டு, அங்கிருந்து கோயிலுக்குப் போகிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.