ரைட் இல்லாமல் ரைட்டுக்காக

இங்கிலாந்து ரொக் இசைக்குழு பிங்க் ஃப்ளாய்டின் கடைசி ஆல்பமான ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ வெறும் மிச்சம் மீதி என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என் மனம் ஒப்பவில்லை. பெரும்பகுதி 1993இல் அவர்களின் முந்தைய ஆல்பமான ‘தி டிவிஷன் பெல்’லுக்காக வாசித்துப் பதிந்ததுதான், சரி. ஆனால் கீபோர்ட் வாசித்த ரிச்சர்ட் ரைட் 2008இல் புற்றுநோயால் போன பிறகு, குழுவின் கிற்றார் கலைஞர் கில்மோரும் ட்ரம்ஸ் கலைஞர் மேசனும் அந்தப் பழைய நாடாக்களைத் தேடி எடுத்து 2014இல் வெளியிட்டது அவருக்காகத்தானே? 1969இல் லண்டன் ரோயல் அல்பேர்ட் ஹோலில் அவர் வாசித்த பைப் ஓர்கன்கூட நடுவில் வருகிறது. கில்மோர் பாடுவது கடைசிப் பாட்டில் மட்டும். அதுவரை ரைட்டுக்கு இடம் விட்டுக் கிற்றார் ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறது. எனக்கு அங்கேதான் தொண்டை அடைக்கும்.

திருகோணமலையில் எனக்கு இந்த இசையைக் காட்டியது அண்ணாதான். கரண்ட் இல்லாத இரவுகளில் பற்றரி போட்டுக் கசெற் கேட்போம். பற்றரி இறங்க இறங்கப் பாட்டும் இழுபடும், அப்படியும் நிற்பாட்ட விடமாட்டார். இப்போது அவர் கனடாவில். ஆல்பம் வந்த கிழமை இரண்டு பேரும் போனில் இருந்தபடியே ஒன்றாகக் கேட்டோம். ஓர்கன் வந்த இடத்தில் அண்ணா, “ரிக்கடா” என்றார். ரைட்டின் செல்லப்பெயர்தான் ரிக். அதற்குப் பிறகு பேச்சில்லை.

அட்டைப்படமும் அருமை. முகில்மேல் நின்றபடி ஒருவர் தோணி வலிக்கிறார். வரைந்தவர் எகிப்தைச் சேர்ந்த இளைஞர். கிண்ணியாப் பக்கம் தோணிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவே தெரியாது.

ஐயா, இன்னொரு தரம் கேளுங்கள். நான்கு பகுதியாக அடுக்கியிருக்கிறார்கள், பாட்டுக்குப் பாட்டு தாவ வேண்டாம்.