வீரத்தாயும் வேளைக்கீரையும்

சிங்கப்பூரில் தமிழ்மொழி மாதம் வந்தாலே சமூக மன்றப் பட்டிமன்றங்களில் யாராவது ஒருவர், "அந்தக் காலத்திலேயே நம் பெண்கள் ஆணுக்குச் சமம், ஒரே மகனையும் போருக்கு அனுப்பிய வீரத்தாய் பிறந்த இனம் இது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுகிறார். எனக்கு அந்தக் கைதட்டல் உறுத்துகிறது.

அவர்கள் சொல்வது ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூறு 279. முன்னாள் நடந்த சண்டையில் பிறந்த வீட்டு ஆண் யானையை வீழ்த்திச் செத்துப்போனான், நேற்றுக் கணவனும் போய்விட்டான், இன்று மறுபடி பறை கேட்டதும் இருக்கும் ஒரே மகனுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டு, பறட்டைத் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போ என்கிறாள். இங்கே போரே இல்லாத ஊரில் பிள்ளையைத் தேசியச் சேவைக்காக தெக்கோங் தீவு இராணுவப் பயிற்சி முகாமில் விட்டுவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாசாத்தியாரும் பாட்டை "கெடுக சிந்தை" என்றுதான் தொடங்குகிறார். அதில் வியப்பு மட்டுமா இருக்கிறது? ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்துப் பதறுவதும் எனக்குக் கேட்கிறது.

சரி, அதே நூலில் 246-ஐ ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை? பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகிறாள், சான்றோர் தடுக்கிறார்கள். உயிரோடு இருந்தால் என்ன வாழ்க்கை என்று அவளே சொல்கிறாள்: நெய் தொடாமல், இலையில் கிடக்கும் பிழிந்த சோறு, எள் துவையலும் புளியும் சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை, பாய்கூட இல்லாமல் பரல்கல் மேல் படுக்கை. அரசிக்கே கைம்மை இதுதான் என்றால் சாதாரண வீரனின் மனைவிக்கு என்ன மிஞ்சியிருக்கும்? மகனைக் கொடுத்தால் மறக்குடி மகள், கணவன் போனால் கல்படுக்கை. இதைச் சமம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழைய கிரேக்கத்து ஸ்பார்ட்டாவிலும் பாருங்கள், பெண்களுக்கு நிலம் இருந்தது, உடற்பயிற்சி இருந்தது, ஆனால் வலுவான வீரனைப் பெற்றுத் தரத்தான் அந்தப் பயிற்சி. அந்த வசதியும் ஹெலட் அடிமைகளின் உழைப்பில் வந்தது.

நமக்குப் பெருமைப்படப் பெண் வேண்டுமென்றால் இங்குள்ள வாட்டர்லூ தெருவுக்குப் போகலாமே. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நம் பெண்கள் சேலை கட்டியபடியே துப்பாக்கி ஏந்தி அணிவகுத்தார்கள், அக்டோபரில் அந்த வாட்டர்லூ தெருவில்தான் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படையின் முகாம் திறந்தது. படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் பெயராவது பலருக்குத் தெரியும். ஆனால் படையில் சேர்ந்த எத்தனையோ பேர் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பத்துத் தமிழ்ப் பெண்கள், அப்புறம் பர்மா வரைக்கும் போனவர்கள். யாரும் அவர்களுக்கு எண்ணெய் தடவி அனுப்பிவைக்கவில்லை, தாங்களே கிளம்பினார்கள். அவர்களில் ஒருத்தியின் கதையையாவது எந்த மேடையிலாவது முழுசாகக் கேட்டிருக்கிறோமா?