கட்டளை அறையை விடுங்கள், தரையில் நின்று எடுங்கள்

கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்த சில தம்பிமார் சேர்ந்து ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை வைத்து ரசிகர் படம் ஒன்று எடுக்கப் போகிறார்கள். கைவசம் இருப்பது இரண்டு கைத்தொலைபேசிகள், ஒரு பழைய மடிக்கணினி, ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பு. வன்னியில் இருந்து விண்வெளிப் படமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி அண்மையில் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களுடைய செலவுக் கணக்கைப் பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை. பெரும்பகுதிப் பணம் விண்கலத்தின் கட்டளை அறையை ஒட்டுப்பலகையில் கட்டுவதற்கே போகிறது. மிச்சம் சீருடைக்கு. ஒலிப்பதிவுக்கு ஒரு சதமும் இல்லை.

தம்பிமாரே, அந்த அறையைக் கட்டாதீர்கள். அமெரிக்க ரசிகர்கள் அதைப் பெருஞ்செலவில் கட்டி முடித்துவிட்டார்கள். ஒரு குழு ரசிகர்களிடம் பத்து லட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. உரிமை வைத்திருக்கும் சீபிஎஸ், பரமவுண்ட் நிறுவனங்கள் 2015 இறுதியில் அந்தக் குழுமீது வழக்குப் போட்டன. 2016 ஜூனில் ரசிகர் படங்களுக்கென்று விதிகளும் வந்தன: ஒரு கதை அதிகபட்சம் 15 நிமிடம், இரண்டு பகுதியாக எடுத்தாலும் மொத்தம் 30 நிமிடம், யாருக்கும் சம்பளம் கிடையாது, படத்தை வைத்து வருமானம் தேடக்கூடாது, மூலத்தொடரின் காட்சிகளை வெட்டி ஒட்டக்கூடாது. பல ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். நமக்கோ 15 நிமிடம் தாராளம், கதை நம்முடையதாக இருந்தால்.

1966 இல் தொடங்கிய அந்தத் தொடரில் ஒரு தலையாய விதி உண்டு: பின்தங்கிய உலகத்தாரின் வாழ்வில் விண்கலத்தார் தலையிடக்கூடாது. விதியைக் காப்பதா, கீழே சாகிறவர்களைக் காப்பதா என்று கப்பல் தலைவர் தவிப்பார். கமரா பெரும்பாலும் அவர் முகத்தில்தான் இருக்கும். கீழே நிற்கிறவர்களின் முகம்?

அந்த முகம் நம்மிடம் இருக்கிறது. 2008 செப்டெம்பரில், போர் நெருங்கியபோது, வெளிநாட்டு உதவிப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போகாதீர்கள் என்று வாசலில் நின்று மன்றாடியது நமது சனம். தலைக்கு மேலே வண்டு, அதுதான் ஆளில்லா வேவு விமானம், இரவு பகலாக இரைந்துகொண்டிருந்தது. மேலே இருந்து யாரோ எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், ஆனால் இறங்கி வரமாட்டார்கள் என்பதைப் பதுங்குகுழிக்குள் இருந்து அறிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எத்தனை கோடி கொட்டினாலும் கலிபோர்னியாவில் இந்தப் படத்தை எடுக்க முடியாது.

கதை தரைக்கு வந்துவிட்டால் செலவும் தரைக்கு வந்துவிடும். கப்பலை ஒரே ஒரு தடவை காட்டினால் போதும். பால்மா டின்னையும் பழுதான வானொலியின் உள்ளுறுப்புகளையும் ஒட்டி ஒரு மாதிரி செய்யுங்கள். இரணைமடுக் குளக்கட்டில் கமராவுக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், தங்கூசி நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கைத்தொலைபேசிக் கமராவின் உணரி மிகச் சிறியது. அதனால் அருகில் தொங்கும் டின்னும் தொலைவில் இருக்கும் அக்கரையும் ஏறத்தாழ ஒரே தெளிவில் விழும். குளத்துக்கு மேலே பெரிய கலம் ஒன்று நிற்பதாகவே கண் நம்பும். அது அசையவேண்டுமானால் நொடிக்கு 24 படத்துக்குப் பதிலாக 120 படம் எடுத்து, மெதுவாக ஓட்டுங்கள். டின்னின் வெடவெடப்பு அடங்கி, கனம் வந்துவிடும்.

அந்தக் கலத்தோடு பேசுவதற்குத் தரையில் நிற்கும் உங்கள் நாயகியிடம் என்ன கருவி இருக்கும்? போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டோம். ஒருவர் சுற்றுவார், மற்றவர்கள் காதைக் குவித்திருப்பார்கள். கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துகொண்டே போய், முக்கியமான வரியில் நின்றுவிடும். "சுத்தடா, சுத்தடா" என்று வீடே கத்தும். உங்கள் நாயகி அந்தச் சைக்கிளில்தான் விண்கலத்தை அழைக்கவேண்டும். இதற்கு ஈடான கருவியை எந்தக் கலை இயக்குநரும் உங்களுக்குச் செய்து தரமாட்டார்.

ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது தொலைபேசியை நடிகரின் சட்டைப் பைக்குள் வையுங்கள். குளக்கட்டில் காற்று பேய்த்தனமாக அடிக்கும், வசனம் ஒன்றும் மிஞ்சாது. அந்த வசனங்களை வீட்டுக்குள் திரும்பப் பேசிச் சேர்க்கவேண்டும். மங்கலான படத்தைப் பார்வையாளர் பொறுப்பார், கேட்காத வசனத்தைப் பொறுக்கமாட்டார்.

வண்டின் இரைச்சலைப் படத்தொகுப்பின்போது மட்டும் சேருங்கள். படப்பிடிப்பு நடக்கும் ஊரில் ஒலிபெருக்கியில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். அந்தச் சத்தத்துக்கு இன்றும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடக்கூடிய தாய்மார் அங்கே இருக்கிறார்கள். படத்தைத் திரையிடும்போதும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒட்டுப்பலகை வாங்காமல் திரைக்கதையைத் திருத்தி எழுதினால், ஒலிவாங்கிக்கான பணம் என்னுடையது. எழுதிக்கொண்டு வாருங்கள்.