ரோஸ் கலர் டைல்ஸும் தூங்குமூஞ்சி மரமும்

“கட்டடம் ரொம்பப் பழசு. பாத்ரூம் டைல்ஸ் எங்க தாத்தா காலத்தது. தோட்டம் சூப்பர். ரெண்டு ஸ்டார்.”

தாய்லாந்தில் காஞ்சனபுரியில் நாங்கள் நாலு ராத்திரி தங்கிய இடத்துக்கு நம்ம ஊர்க்காரர் ஒருவர் போட்டிருந்த விமர்சனம் இது. முதல் மூன்றும் சத்தியமான வார்த்தை. நாலாவதில்தான் எனக்கு வழக்கு.

போகும் முன்பே எங்க வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டார். அதுதான் தப்பாகிவிட்டது. பாங்காக்கில் தோன்புரி ஸ்டேஷனில் ரயில் ஏறியதிலிருந்து, “ஏம்மா, ரெண்டு ஸ்டார் போட்டிருக்கான், இப்பக்கூட கேன்சல் பண்ணலாம்” என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மூன்றாம் வகுப்பு, மேலே சுற்றும் மின்விசிறி, திறந்த ஜன்னல், வெளிநாட்டுக்காரர்களுக்கு எத்தனை ஸ்டேஷன் போனாலும் நூறு பாத். அந்த ரயில் எந்தக் காலத்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. ரயில் பழசாக இருந்தால் அனுபவம், ரூம் பழசாக இருந்தால் மோசடி.

இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இன்பாக்ஸில் கேட்காதீர்கள். காரணம் கடைசியில் புரியும்.

தாய்லாந்தில் ‘ரிசார்ட்’ என்ற சொல்லுக்கு நாம் நினைக்கிற பொருள் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீச்சல் குளமும் காலை பஃபேயும் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. ஒரு மனையில் ஆறேழு தனித்தனி அறை கட்டி, நடுவில் நாலு மரம் நட்டுவிட்டால் அது ரிசார்ட். நெடுஞ்சாலையோரம் லாரி டிரைவர்கள் தூங்கிவிட்டுப் போகிற வரிசை ரூம்களுக்கும் அதே போர்டுதான். எங்களுடையது ஆற்றுக்கு இணையாகப் போகிற மே நாம் க்வே சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் தள்ளி, பன்னிரண்டு அறை. ராத்திரிக்கு எழுநூறு பாத். நம்ம காசுக்கு இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே.

அறை வாசல் படியில் சிமென்ட் காய்வதற்கு முன்னால் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்: 2538. இவர் குனிந்து பார்த்துவிட்டு, “என்னம்மா இது, இன்னும் ஐந்நூறு வருஷம் கழிச்சுக் கட்டப்போற ரூமா?” என்றார். பயணத்தில் அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். அது புத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 1995. இரண்டு வருஷம் கழித்து, 1997 ஜூலை 2-ல், தாய்லாந்து அரசு பாத்தை டாலர் பிடியிலிருந்து அவிழ்த்துவிட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 25 பாத் என்றிருந்தது ஆறே மாதத்தில் ஐம்பதைத் தாண்டியது. கடன் வாங்கிக் கட்டியவர்கள் பலர் காணாமல் போனார்கள். இந்த இடம் காணாமல் போகவில்லை. இரண்டாவது கட்டமாக இன்னும் பத்து அறை கட்டுவதாக இருந்த நிலத்தில் கட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த நிலம்தான் இப்போது தோட்டம்.

இதை அந்த இடத்தை நடத்துகிற அம்மா, மகளின் போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு சொன்னார். எழுபதைத் தாண்டியவர். அங்கே தன் அம்மாவைவிட மூத்த பெண்களை ‘ப்பா’ என்று கூப்பிடுகிறார்கள், நாம் பெரியம்மா என்பதுபோல. நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் இவருக்குச் சிரிப்பு. பெரியம்மாவைப் பார்த்து அப்பா என்கிறேனாம்.

நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அங்கே சாம்சுரி என்கிறார்கள். கிளை மூன்று அறைகளின் கூரைக்கு மேலே குடை பிடித்திருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் இலைகள் ஒவ்வொன்றாக மடங்கும். அதுவரை அடைத்துக்கொண்டிருந்த வானம் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். திண்ணையில் இரண்டு மர நாற்காலி போட்டிருந்தார்கள். மூன்று சாயங்காலம் நான் செய்த ஒரே வேலை, அந்த மரம் தூங்கப்போவதைப் பார்த்தது. சுற்றிலும் சரக்கொன்றை, மா, பலா, இட்லிப்பூச் செடி. ராஜபுரி பக்கத்திலிருந்து வருகிற டிராகன் படம் போட்ட மண்ஜாடிகளில் தாமரை. கொசுப்புழுவைத் தின்ன அதற்குள் குட்டி மீன்கள். வேலியோரம் ஈழத்தலரி வரிசை. இந்த மரத்துக்கு அங்கே முன்பு ‘லந்தோம்’ என்று பெயர். ‘ரதோம்’ என்றால் துயரம். ஓசை ஒத்துப்போகிறதென்று யாரும் வீட்டில் நட்டு வளர்க்க மாட்டார்களாம், கோயிலோடு சரி. பிறகு ‘லீலாவதி’ என்று பெயரை மாற்றினார்கள். இன்று லீலாவதி இல்லாத ரிசார்ட்டே அந்த நாட்டில் இல்லை. பெயரை மாற்றிப் பிழைப்பது நம்ம நியூமராலஜிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல.

காலை ஆறு மணிக்குப் ப்பா ஈர்க்குமாறால் சருகு கூட்டுகிற சத்தம். அதுதான் அலாரம். கூட்டி முடித்து மூலையில் தூண்மேல் நிற்கிற குட்டி வீட்டுக்கு ஊதுவத்தி கொளுத்தி, சிவப்பு ஃபான்டா பாட்டிலில் ஸ்ட்ரா போட்டு வைப்பார். நிலத்துத் தேவதைக்கு. பேரே ‘ப்ரா பூம்’, நம்ம பூமிதான். குயில் கூவும். செம்போத்து உறுமும். ராத்திரி டொக்கே என்ற பெரிய பல்லி தன் பேரைத் தானே சொல்லிக்கொண்டிருக்கும். ஏழெட்டு தடவை கத்திவிட்டு, பேட்டரி தீர்ந்த பொம்மை மாதிரி இழுத்து நிறுத்தும்.

இனி குறைகள். மறைக்கப்போவதில்லை. டைல்ஸ் ரோஸ் கலர்தான், அதில் ஒன்றுவிட்டு ஒன்றில் வாத்துப் படம். ஏசி போட்டால் மாவு மில்லில் தூங்குகிற மாதிரி; டிசம்பர் என்பதால் தப்பித்தோம், ராத்திரி ஃபேனே போதும். மெத்தை பலகை. தாய்லாந்தில் சின்ன இடங்களில் பெரும்பாலும் அப்படித்தான், முதுகுவலிக்காரர்கள் கும்பிடுவார்கள். வைஃபை திண்ணை வரை வரும், கட்டிலுக்கு வராது. ஷவர் குழாய் ஒரு கோணத்தில் மட்டும் அடைபடும், அந்தக் கோணம் எது என்பது இவருக்கு மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. ஹெல்த் ஃபாசெட் மட்டும் தீயணைப்பு வண்டி வேகத்தில் அடித்தது. அதில் அந்த நாட்டை அடிக்க ஆளில்லை.

அமைதியான இடம்தான், ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. சனிக்கிழமை ராத்திரி க்வே ஆற்றில் மிதவைகளைப் படகு இழுத்துக்கொண்டு போகும். மேலே கூட்டம், கரோக்கே, கலர் லைட். பாடுகிறவர் தூரத்தில் போகப்போக நிம்மதி வரும், பின்னாலேயே அடுத்த மிதவை வரும். சந்துக்குள் இருந்ததால் எங்களுக்கு பேஸ் மட்டும்தான் கேட்டது. ஆற்றங்கரையில் இரண்டு மடங்கு கொடுத்து ‘ரிவர் வியூ’ எடுத்தவர்களுக்குப் பாட்டு முழுசாகக் கிடைத்திருக்கும்.

என் வழக்குக்கு வருகிறேன். பழசு வேறு, அழுக்கு வேறு, ஆபத்து வேறு. நம் ஆட்கள் மூன்றையும் ஒரே வாளியில் போட்டுக் கலக்குகிறார்கள். நான் புது ரூமுக்குள் போனதும் பார்ப்பது நாலு விஷயம். படுக்கை விரிப்பு சலவை வாசனையோடு இருக்கிறதா. வாஷ்பேசினுக்கு அடியில் சாக்கடை நாற்றம் வருகிறதா. ஜன்னல் வலையில் கிழிசல் உண்டா. நாலாவதில் சமரசமே கிடையாது: ஷவர் பக்கத்துச் சுவரில் இருக்கிற ஹீட்டர் பெட்டி. அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். ஈரக்கையோடு அல்ல, குளிக்கும் முன்பே அழுத்திப் பாருங்கள். மின்சாரம் கசிந்தால் துண்டிக்க வேண்டிய பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று அது சொல்லிவிடும். அழுத்தினால் டக்கென்று கட் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் பளிங்கு பாத்ரூமாக இருந்தாலும் அந்த ஹீட்டரைத் தொடமாட்டேன். இந்த வாத்து டைல்ஸ் பாத்ரூமில் டக்கென்று கட் ஆனது. விரிப்பு மொடமொடவென்று இருந்தது. வலையில் ஒரு கிழிசல் இருந்தது, அதன்மேல் அதே வலைத்துணியில் ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தார்கள். எனக்கு அந்தத் தையல் போதும். இது கைவிட்ட இடம் இல்லை, பார்த்துக்கொள்கிற இடம்.

ரெண்டு ஸ்டார் போட்ட அண்ணனிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. மரத்துக்கு முப்பது வயது வேண்டும். டைல்ஸுக்கு மூன்று வயது வேண்டும். வாடகை மட்டும் எழுநூறு பாத்தில் நிற்க வேண்டும். எந்தக் கணக்குப்பிள்ளை இதை எழுதிக் கொடுப்பார்? நான் இருபத்தைந்து வருஷம் மில் ஆபீஸில் கணக்கு எழுதியவள். பன்னிரண்டு பாத்ரூமை இடித்துக் கட்டினால் அந்தச் செலவை வாடகையில்தான் போட வேண்டும். வாடகை ஏறினால் ஆள் புது மாதிரி வருவார்கள், அவர்களுக்கு நீச்சல் குளம் வேண்டும். குளம் தோண்ட அந்த மனையில் காலி இடம் எங்கே? மரம் நிற்கிற இடம்தான். ‘தோட்டம் சூப்பர்’ என்று எழுதிய அதே கைதான் மரத்துக்குக் கோடரி எடுத்துக் கொடுக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் வெளிநாட்டு விமானங்களை நிறுத்திய நாடு, தடுப்பூசி போட்டவர்களைத் தனிமைப்படுத்தாமல் உள்ளே விட 2021 நவம்பர் ஆனது. அந்த ஒன்றரை வருஷத்தில் ப்பா வேலைக்கு வைத்திருந்த நாலு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள், திரும்பி வந்தது ஒருவர். இன்றும் ராத்திரி பத்து மணிக்கு வந்து சேருகிற வெளிநாட்டுக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு விவரம் அனுப்புவது மகள். சருகு கூட்டுவது அம்மா. இவர்களை நாம் நட்சத்திர ஹோட்டலுக்கு வைத்திருக்கிற அளவுகோலால் அளக்கிறோம்.

இரண்டாம் நாள் ஊர் பார்க்கப் போனோம். க்வே ஆற்று ரயில் பாலம் எல்லோரும் பார்க்கிறதுதான். வளைந்த இரும்பு வளைவுகள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த பழையவை, நடுவில் வளைவில்லாமல் கோணமாக இருக்கிற இரண்டும் குண்டு விழுந்த பிறகு மாற்றியவை. சயாம் மரண ரயில் என்று மலேயாத் தமிழர்கள் சொன்ன பாதை இதுதான். 415 கிலோமீட்டர், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் கைதிகளையும் கூலிகளையும் வைத்து 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. ஸ்டேஷனுக்கு எதிரே போர்க் கல்லறையில் போர்க் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர், பெரும்பாலானவர்களுக்குத் தனிக் கல், பெயர், பூச்செடி, வெட்டிய புல். வேலை செய்து செத்த ஆசியக் கூலிகள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கும் என்கிறார்கள். தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன நம் சனம் அதில் ஏராளம். அவர்களுக்கு அந்தப் புல்வெளியில் ஒரு கல்லும் இல்லை. பக்கத்துக் கோயிலான வாட் தாவோர்ன் வராராமில் அவர்கள் நினைவாக ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். வெயில் சுட்டது.

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தோம். ப்பா கேட்காமலே இரண்டு டம்ளர் ஐஸ் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். மரம் மடங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு இவர் குழாயைப் பற்றிப் பேசவில்லை.

ஏழு அடுக்கு எரவான் அருவி, ஸ்டேஷன் பக்கத்து ராத்திரிச் சந்தை எல்லாம் யூடியூபில் வண்டி வண்டியாகக் கிடைக்கும், நான் எழுதி நிரப்பவில்லை. சைவர்களுக்கு ஒரு தகவல் மட்டும்: ‘ஜே’ என்று சொல்லுங்கள், மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். முட்டை, மீன் சாஸ் இரண்டும் வராது. பூண்டு வெங்காயமும் வராது, எங்கள் வீட்டு ஏகாதசி மாதிரி.

கிளம்புகிற அன்று சாவியைக் கொடுக்கப் போனபோது மகள் கணக்குப் புத்தகம் மாதிரி ஒன்றைத் திறந்து காட்டினாள். கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட். பன்னிரண்டு பாத்ரூமுக்கும் சாம்பல் கலர் டைல்ஸ், கண்ணாடிக் கதவு. விமர்சனங்களில் திரும்பத் திரும்பப் பழசு, பழசு என்று வருகிறது, மாற்றிவிட்டு ஆயிரத்து இருநூறு வாங்கலாம் என்று யோசிக்கிறோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று போனில் தட்டிக் காட்டினாள். ப்பா பேசவில்லை, எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் போனை வாங்கிக்கொண்டார். நாலு நாளாக அந்த டைல்ஸைத் திட்டியவர். தமிழில் சொன்னார், மொழிபெயர்ப்புச் செயலி என்னவாக மாற்றியதோ தெரியாது, ப்பா மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

“வாத்து இருக்கட்டும்மா. அந்த ஷவர் குழாயை மட்டும் மாத்துங்க.”