கடன் வாங்கினது மாமா, கால் வர்றது நமக்கு

காலை ஏழு நாற்பதுக்கு போன். “உங்க மாமா இந்த மாச டியூ கட்டலை சார், நீங்க என்ன பண்றதா இருக்கீங்க?”

என்ன பண்றதா இருக்கேனா? தேங்காய் உடைச்சு சட்னி அரைக்கிறதா இருக்கேன். அந்த லோனுக்கும் நமக்கும் உள்ள மொத்த சம்பந்தமே, அப்ளிகேஷன்ல “ரெஃபரன்ஸ் 2”ன்னு ஒரு கட்டம் காலியா இருந்ததும், மாமா நம்ம நம்பரை அதுல போட்டதும்தான். போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கலை. லோன் வந்த சந்தோஷத்துல ஒரு காபி வாங்கிக் கொடுத்ததும் இல்லை.

மணி ஏழு நாற்பதுங்கிறதை கவனிங்க. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கையில தெளிவா சொல்லியாச்சு: வசூலுக்காக காலை 8 மணிக்கு முன்னாடியும் கூப்பிடக் கூடாது, மாலை 7 மணிக்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது. அதே சுற்றறிக்கையில, கடன் வாங்கினவரோட குடும்பத்தார், ரெஃபரன்ஸ் கொடுக்கப்பட்டவங்க, நண்பர்கள் இவங்க அந்தரங்கத்துல மூக்கை நுழைக்கக் கூடாதுன்னும் இருக்கு. ஆக அந்த ஏழு நாற்பது கால் ஒரே மூச்சுல ரெண்டு விதியை மீறுது. அந்தத் திறமையை மாமாவோட டியூவை வசூல் பண்றதுல காட்டியிருக்கலாம்.

அந்த போன் காலை கொஞ்சம் மெதுவா ஓட்டிப் பார்ப்போம். எல்லார் வீட்டுக்கும் இதே கால்தான், குரல்தான் வேற.

நாம “ஹலோ”. அந்தப் பக்கம் ரெண்டு விநாடி மயான அமைதி. அது ஆள் இல்லை, டயலர். ஒரே நேரத்துல பல நம்பருக்குப் போட்டு, யார் எடுக்குறாங்களோ அவங்களை காலியா இருக்கிற ஏஜென்ட் காதுல தள்ளிவிடுற மென்பொருள். நாம ஹலோ சொன்ன அந்த நொடியே, இந்த நம்பர் உயிரோட இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு.

அப்புறம் நம்ம முழுப் பேரு, இனிஷியலோட. “ஆமா, நீங்க யாரு?” “பேங்க்ல இருந்து சார்.” எந்த பேங்க்? “லோன் டிபார்ட்மென்ட் சார்.” எந்த பேங்க்கோட லோன் டிபார்ட்மென்ட்? “சார், முதல்ல மாமா எங்க இருக்காருன்னு சொல்லுங்க.” பேங்க்கும் இல்லை, டிபார்ட்மென்ட்டும் இல்லை. வசூலை கான்ட்ராக்ட் எடுத்த ஏஜென்சி. டிஜிட்டல் லோன்னா, எந்த ஏஜென்ட்கிட்ட கொடுத்திருக்கோம்னு கடன்தாரருக்கு முன்கூட்டியே மெயில் இல்லைன்னா எஸ்எம்எஸ் அனுப்பிட்டுத்தான் ஏஜென்ட் அவரைத் தொடர்பு கொள்ளணும். இவங்க நம்மகிட்டயே பேரைச் சொல்ல மாட்டேங்கிறாங்க.

இப்ப நாம ஒரு வார்த்தை சொல்றோம். “சரி, சொல்றேன்.” போச்சு!

மரியாதைக்குச் சொன்னது அது. அங்க ஸ்க்ரீன்ல ஒவ்வொரு கால் முடிஞ்சதும் ஒரு குறியீடு போட்டாகணும்: எடுக்கலை, மறுத்தார், தகவல் சொல்லப்பட்டது, கட்டுறதா வாக்குக் கொடுத்தார். “சொல்றேன்”னா “தகவல் சொல்லப்பட்டது”. அதாவது இந்த நம்பர் வேலை செய்யுது, தாராளமா மறுபடி அடிக்கலாம். நீங்க இன்னும் நல்லவரா இருந்து, “அடுத்த வாரம் கட்டிடுவார்னு நினைக்கிறேங்க”ன்னு இழுத்தீங்கன்னா அது பிடிபி, பிராமிஸ் டு பே. தேதியோட ஏறிடும். அந்தத் தேதி வந்ததும், “நீங்கதானே சார் சனிக்கிழமை கட்டுறோம்னு சொன்னீங்க”ன்னு கேப்பாங்க பாருங்க, நமக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடும், சொன்னோமோன்னு.

அதைவிட மோசம், தொல்லை விட்டாப் போதும்னு “நானே ஒரு ஆயிரம் போட்டு விடுறேன்”னு சொல்றது. அந்த ஆயிரம் அசல்ல ஒரு பைசா குறைக்கிறதுக்குள்ள அபராதக் கட்டணத்துலயே கரைஞ்சு போனாலும் போகலாம். ஆனா உங்க நம்பர் “பணம் வர்ற நம்பர்” ஆயிடும். அதுவும் ஏஜென்ட்டோட சொந்த ஜிபே நம்பருக்குப் போட்டீங்கன்னா லோன் கணக்குக்குப் போய்ச் சேர்ந்ததாங்கிறதையும் ஆண்டவன்தான் சொல்லணும்.

பணிவு வேலை செய்யலைன்னா மிரட்டல். “உங்க சிபில் அடிபடும் சார்.” அடிபடாது. கூட்டா கடன் வாங்கியிருந்தாலோ, ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தாலோதான் அது உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல, அதாவது கடன் வரலாற்றுல வரும். சந்தேகமா இருந்தா சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க்னு அந்த ரிப்போர்ட் தர்ற நாலு கம்பெனியிலயும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட் இலவசம், எடுத்துப் பாத்துடுங்க. அதுல மாமா லோன் உங்க பேர்ல ஜாமீன்னு இருந்தா விஷயமே வேற. 1872 ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரர் பொறுப்பு கடன்தாரர் பொறுப்புக்குச் சமம். அப்ப இந்தப் பதிவை மூடிட்டு வக்கீலைப் பாருங்க. ரெஃபரன்ஸ்ங்கிறது ஜாமீன் இல்லை. “இவரை எனக்குத் தெரியும்” அவ்வளவுதான்.

“ஒரே குடும்பம்தானே சார், ஒரு பொறுப்பு இருக்குல்ல?” இதைக் கேட்டாத்தான் ரத்தம் கொதிக்குது. அப்பன் கடனை மகன் அடைக்கிறது புண்ணியக் கடமைன்னு சொல்லி வழக்குப் போடுற வழியையே 2005 இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதுக்கப்புறம் வாங்கின கடனுக்கு அடைச்சுடுச்சு. அப்பா தவறிட்டாக்கூட, அவர் விட்டுட்டுப் போன சொத்துல நம்ம கைக்கு வந்த அளவுக்குத்தான் பொறுப்பு. அப்பன் கடனுக்கே இந்தக் கதை. மாமன் கடனை மருமகன் அடைக்கணும்னு எந்த சாஸ்திரத்துலயும் இருந்ததில்லை. வசூல் ஏஜென்ட் ஆகணும்னா 100 மணி நேரப் பயிற்சி, பட்டதாரின்னா 50 மணி நேரம், அதுக்கு மேல பரீட்சை வேற. அத்தனை மணி நேரத்துல பத்து நிமிஷம் ஒதுக்கி, ரெஃபரன்ஸ்னா யாருன்னு ஒருத்தரும் சொல்லித் தரலையா?

சரி, பிளாக் பண்ணிடலாம்னு தோணும். பண்ணுங்க. நாளைக்கு வேற நம்பர். தொந்தரவு வேண்டாம்னு 1909ல டிஎன்டி போட்டும் புண்ணியம் இல்லை, அது விளம்பர காலுக்கு. மாச ஆரம்பத்துல கடன் கொடுத்த நிறுவனம் பாக்கிக் கணக்கையெல்லாம் 30 நாள், 60 நாள், 90 நாள்னு பக்கெட் பக்கெட்டா பிரிச்சு ஏஜென்சிகளுக்கு ஒரு ஃபைல் அனுப்பும். அந்த ஃபைல்ல மாமா பேருக்குப் பக்கத்துல நம்ம நம்பர். இந்த மாசம் ஒரு ஏஜென்சி, அடுத்த மாசம் இன்னொண்ணு. நீங்க இவங்களைத் திட்டித் திருத்தினாலும் அடுத்தவங்க புதுசா “ஹலோ சார்”னு ஆரம்பிப்பாங்க. தொட்டியில தேங்கின தண்ணியை விட்டுட்டு கொசு பேட் வீசுற கதைதான் இது. நம்பரை அழிக்க வேண்டிய இடம், கடன் கொடுத்த நிறுவனத்தோட கம்ப்யூட்டர்.

அதனால கால்ல சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “நான் கடன்தாரர் இல்லை, ஜாமீன்தாரர் இல்லை. இந்த கால் ரெக்கார்ட் ஆகுது. உங்க பேரு, ஐடி நம்பர், ஏஜென்சி பேரு, எந்த நிறுவனத்தோட லோன், சொல்லுங்க. இந்த நம்பருக்கு இனி கூப்பிடாதீங்க.” ரெக்கார்ட்னு சொன்னதும் சுருதி எப்படி இறங்குதுன்னு பாருங்க. பதில் வந்தாலும் வராட்டியும் கட். மாமா எங்க வேலை பாக்குறார், அத்தை நம்பர் என்ன, எதுவும் சொல்லக் கூடாது. சொன்னா அடுத்த ரெஃபரன்ஸ் அத்தை. வாக்குவாதம் வேண்டாம்; நாள் முழுக்கப் பேசுறதுக்குத்தான் அவருக்குச் சம்பளம், நமக்கு இல்லை.

அப்புறம், நியாயமா யோசிச்சு, அந்த நிறுவனத்தோட கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுவீங்க. தமிழுக்கு 2. கடன் சேவைகளுக்கு 3. “உங்கள் லோன் அக்கவுண்ட் நம்பரை உள்ளிடவும்.” லோனே இல்லையே தாயே! “மன்னிக்கவும், தவறான உள்ளீடு.” புது லோன் வேணுமா, அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. பழைய லோனை மூடணுமா, அதுக்கும் இருக்கு. கடனே வாங்காத பாவிக்கு மட்டும் பட்டன் இல்லை. எப்படியோ ஆள் கிடைச்சா, “வெரிஃபிகேஷனுக்கு உங்க பான் நம்பர், பிறந்த தேதி சொல்லுங்க.” சொல்லவே சொல்லாதீங்க. ஒரு நம்பரை எடுக்கப் போய் ரெண்டு நம்பரை ஏத்திட்டு வந்த கதை ஆயிடும்.

மெயில்தான் வழி. ஏஜென்சிக்கு இல்லை, கடன் கொடுத்த நிறுவனத்தோட குறைதீர் அதிகாரிக்கு. பேரும் மெயிலும் அவங்க வெப்சைட்ல இருந்தாகணும், பெரும்பாலும் அடியில பொடி எழுத்துல கிடக்கும். மெயில்ல உங்க மொபைல் நம்பர், மாமா பேரு, நான் இந்தக் கடன்ல எந்த வகையிலும் கையெழுத்துப் போட்டவன் இல்லைங்கிற வரி, எந்தத் தேதி எத்தனை மணிக்கு எந்த நம்பர்லேர்ந்து வந்து என்ன சொன்னாங்கங்கிற பட்டியல், கால் லாக் ஸ்க்ரீன்ஷாட். கேக்க வேண்டியது: என் நம்பரை உங்க பதிவுலயும் எல்லா ஏஜென்சி ஃபைல்லயும் நீக்குங்க, நீக்கினதை எழுத்துல சொல்லுங்க. கோபத்தை மெயில்ல கொட்டாதீங்க. ஆதார், பான் எதையும் இணைக்காதீங்க.

“மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே”ன்னு ஒரு தானியங்கி பதில் வரும். வாடிக்கையாளரே இல்லைங்கிறதுதான்யா புகாரே! போகட்டும், அதுல இருக்கிற டிக்கெட் நம்பரைப் பத்திரமா வைங்க. 30 நாள் ஆகியும் பதில் இல்லைன்னா, இல்ல பதில் மழுப்பலா இருந்தா, ரிசர்வ் வங்கியோட சிஎம்எஸ்ங்கிற ஆன்லைன் புகார் தளத்துல குறைதீர்ப்பாளர்கிட்ட புகார். கட்டணம் இல்லை, சந்தேகம்னா 14448க்கு போன் பண்ணுங்க.

இங்க ஒரு சிக்கல். நீங்க அந்த நிறுவனத்தோட வாடிக்கையாளர் இல்லைங்கிறதால புகாரை ஓரம் கட்ட வாய்ப்பு உண்டு. அதனால மாமாவையும் அவர் பேர்லயே ஒரு மெயில் போட வைங்க: என்கிட்ட மட்டும் பேசுங்க, என் சொந்தக்காரங்களைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு. கடன்தாரர் புகார் நிலுவையில இருக்கும்போது கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாதுன்னு பேங்க்குகளுக்கு 2008லேயே வழிகாட்டுதல் இருக்கு. அவரோட கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுக்கச் சொல்லுங்க. அதுல போன் நம்பர் பகுதியில நம்ம நம்பர் அவரோட நம்பரா குந்தியிருக்கலாம், ஏஜென்சிகள் ஆளைத் தேடும்போது அங்கயும் பாக்குறாங்க. அவர்தான் திருத்தம் கேக்க முடியும். 30 நாள்ல திருத்தலைன்னா அதுக்கு மேல நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

எல்லாத்துக்கும் மேல, மாமா அவர் போனை ஆன் பண்ணி ஒரே ஒரு காலை எடுத்தா நம்ம போன் பாதி அடங்கும். அவர் நம்பர் கிடைக்காத பிறகுதானே ரெஃபரன்ஸைத் தோண்டுறாங்க. ஏஜென்ட்டுக்கு சுவிட்ச் ஆஃப். ஆனா தினமும் காலையில வாட்ஸ்அப்ல “நல்லதே நடக்கும்” ஸ்டேட்டஸ் மட்டும் தவறாம ஏறுது. எந்த சிம்லேர்ந்து மாமா அது?

இது பேங்க், என்பிஎஃப்சி (பேங்க் இல்லாத நிதி நிறுவனம்) கதை. ஆப் லோன்னா நிலைமை வேற. கடன் ஆப் எதுவும் போன்ல இருக்கிற கான்டாக்ட் லிஸ்ட்டைத் தொடக் கூடாதுன்னு 2022 செப்டம்பர்லேயே விதி வந்துடுச்சு. அதை மீறி உறவுக்காரங்களுக்கெல்லாம் மெசேஜ் போகுது, போட்டோவை மார்ஃப் பண்ணி அனுப்புறாங்கன்னா மெயில் எழுதி 30 நாள் காத்திருக்காதீங்க. நம்பர் தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு (ஆப்பை அழிக்கிறது அதுக்கப்புறம்) நேரா சைபர் கிரைம் தளம், இல்லைன்னா அவங்க ஹெல்ப்லைன் 1930, இல்லைன்னா போலீஸ் ஸ்டேஷன். மிரட்டலுக்கு, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல 351ஆம் பிரிவு இருக்கு. தமிழ்நாட்டுல கடன் வசூல்ல வன்முறை, மிரட்டலைத் தடுக்க 2025ல தனிச் சட்டமே வந்தாச்சு. ஆப் முறையானதான்னு பார்க்க ரிசர்வ் வங்கி தளத்துல பட்டியல் இருக்கு. அதுல இல்லாத திருட்டு ஆப்னா, ரிசர்வ் வங்கியோட இன்னொரு புகார் தளமான சாசெட்ல போட்டுக் கொடுங்க.

ஒண்ணு மட்டும் விளங்கலை. வருஷக்கணக்குக்கு முன்னாடி எந்தக் கட்டத்துலயோ எழுதின நம்பரை வெச்சு ஊர்ல எங்கயோ உக்காந்திருக்கிற ஒருத்தர் விடியக்காலையில நம்மளைக் கண்டுபிடிக்கிறார். ஆனா வாசல்ல நிக்கிற கூரியர்காரருக்கு, பார்சல் மேல கொட்டை எழுத்துல அச்சடிச்சிருக்கிற அதே நம்பர் கிடைக்கவே மாட்டேங்குதாம். கதவைத் திறந்து வெச்சு ஹால்ல உக்காந்திருக்கும்போதே மெசேஜ் வருது: “வாடிக்கையாளரைத் தொடர்பு கொள்ள முடியவில்லை, கதவு பூட்டியிருந்தது.” எந்தக் கதவுய்யா?